ரெண்டு கையையும் காட்டு

பதினொன்றாவதோடு நிறுத்திவிட்டேன் அக்கா. பெயிலெல்லாம் இல்லை. பிடிக்கவில்லை, நிறுத்திவிட்டேன். நீங்கள் "அடடா" என்று சொல்வதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அந்த அடடாவைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற எல்லாரும் என்ன படிக்கிறாய் என்று கேட்கிறார்கள், அப்புறம் அடடா என்கிறார்கள், அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். இன்றைக்கு ஜன்னலில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் திரும்ப முடியாது. கேளுங்கள்.

முன் சீட்டில் ஊதாச் சேலை கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறாளே, அது என் அம்மா. சீனியம்மாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறினதிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ராஜபாளையம் தாண்டி ஒரு நூல் மில் இருக்கிறது. அங்கேதான் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறாள். எதற்கு? மன்னிப்புக் கேட்க. நான் கேட்க வேண்டுமாம். ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில், எல்லார் முன்னாலேயும். கேட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை திரும்பக் கிடைக்கும். கேட்காவிட்டால் இரண்டு பேருக்கும் கிடையாது.

நான் கேட்கப் போவதில்லை. அம்மாவுக்கு அது தெரியும். தெரிந்தும் கூட்டிக்கொண்டு போகிறாள். அப்படி ஒரு பிடிவாதக்காரி அவள்.

மில்லில் நான் பேனல் ரூமில் இருந்தேன். கரண்ட் வந்து அங்கேயிருந்துதான் எல்லா மெஷினுக்கும் பிரிந்து போகும். ஆள் உயரத்துக்கு இரும்புப் பெட்டி வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றிலும் பிரேக்கர். பிரேக்கர் என்றால் உங்கள் வீட்டு மீட்டருக்குப் பக்கத்தில் விரல் தண்டி இருக்குமே, அது இல்லை. இது பழைய டிவி அளவு. ஒரு ஆள் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அதில் இரண்டு விதம். ஃபிக்ஸ்டு, டிராஅவுட். தூங்கிவிடாதீர்கள் அக்கா, இது தெரியாவிட்டால் நான் செய்தது உங்களுக்கும் திமிராகத்தான் தெரியும்.

ஃபிக்ஸ்டு என்றால் பின்னால் தடித்தடியாகச் செப்புப் பட்டை ஓடும், அதிலேயே போல்ட் போட்டு முடுக்கிவிடுவார்கள். அவ்வளவுதான். அது அங்கேயே குடியிருக்கிற ஜென்மம். கழற்ற வேண்டுமென்றால் மொத்த போர்டையும் செத்துப்போக வைக்க வேண்டும். ஆஃப் பண்ணலாம். ஆனால் ஆஃப் பண்ணினாலும் அது அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். பச்சைப் பட்டனை எவன் வந்து அமுக்கினாலும் டப்பென்று ஆன் ஆகிவிடும். அதனால் ஒரு அட்டை தொங்கவிடுவார்கள். "ஆள் வேலை செய்கிறார்." அந்த அட்டையைத்தான் நம்ப வேண்டும். அட்டைக்கு என்ன கையா இருக்கிறது, பட்டனை அமுக்க வருகிறவனைத் தடுக்க?

டிராஅவுட் அப்படி இல்லை. மேஜை டிராயர் மாதிரி. பிரேக்கர் ஒரு தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். முன்னால் ஒரு ஓட்டை. அதில் ஹேண்டிலை விட்டுச் சுற்றினால் பிரேக்கர் மெதுவாக வெளியே வரும். முதலில் சிவப்பு காட்டும், அது சர்வீஸ், கரண்டில் இருக்கிறது என்று அர்த்தம். சுற்றச் சுற்ற நடுவில் டெஸ்ட், சும்மா சோதித்துப் பார்க்கிற இடம். அப்புறம் பச்சை, ஐசோலேட். பின்னால் ஒரு தகடு விழுந்து செப்பை மூடிவிடும். அதற்கப்புறம் பட்டனை அமுக்கு, நின்று ஆடு, ஒன்றும் நடக்காது. கரண்ட் ஒரு பக்கம், பிரேக்கர் ஒரு பக்கம். திரும்ப உள்ளே தள்ள வேண்டுமென்றால் ஹேண்டில் வேண்டும். ஹேண்டில் இல்லாமல் மேனேஜரே வந்தாலும் தள்ள முடியாது.

எங்கள் மில்லில் இப்போது இருப்பது டிராஅவுட். அந்தப் போர்டுக்கு ஒரே ஒரு ஹேண்டில். கூட வந்த இன்னொன்று ஸ்டோரில் எங்கேயோ போய்விட்டது.

பூட்டுப் போடவும் இடம் இருக்கிறது. பூட்டும் வாங்கினார்கள். சாவி ஆபீஸில் இருந்தது. சாவி ஆபீஸில் இருந்தால் அது யாருக்குப் பூட்டு, சொல்லுங்கள். அதனால் வேலை பார்க்கிறவர்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். எவன் மெஷினுக்குள் கையை விடுகிறானோ, அவனுக்காக ஒரு ஆள் பேனல் ரூமில் ஹேண்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கையை விட்டவன் வேலை முடிந்து அவனே நேரில் வந்து, ரெண்டு கையையும் நீட்டிக் காட்ட வேண்டும். காட்டினால்தான் ஹேண்டில் மடியை விட்டு இறங்கும். போனில் சொன்னால் கிடையாது. வேறு ஆள் வந்து சொன்னால் கிடையாது.

இதெல்லாம் எதனால் வந்தது என்றால், சுடலைமணி அண்ணாச்சியால் வந்தது. பழைய ஃபிக்ஸ்டு போர்டு காலத்தில் அவர் எலக்ட்ரீசியன். ஆஃப் பண்ணி, அட்டை தொங்கவிட்டுவிட்டு, மோட்டாருக்குள் கையை விட்டிருக்கிறார். ஷிஃப்ட் மாறிவிட்டது. புதிதாக வந்தவன் வாசலில் நின்று "ஆள் இருக்கா?" என்று கத்தியிருக்கிறான். மில் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? பதில் வரவில்லை. அட்டையைக் கழற்றிவிட்டுப் பட்டனை அமுக்கிவிட்டான். இப்போது அண்ணாச்சிக்கு வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான். கேட்டில் வாட்ச்மேன். வேலை போட்டுக் கொடுத்ததைக் கம்பெனி இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்.

அந்த ஹேண்டிலை வைத்துக்கொண்டு உட்காருவதுதான் என் வேலை. மீட்டர் பார்ப்பேன், தூசி தட்டுவேன், உட்காருவேன். ஆம்பளைகளை உட்கார வைத்தால் யாராவது கூப்பிட்டால் எழுந்து போய்விடுகிறார்கள். நான் போக மாட்டேன். மேனேஜர் தனபாலன் சார்தான் என்னை அங்கே போட்டார். "இந்தப் பிள்ளை நகராது, பாத்துக்கிட்டே இருக்கேன், ரிங் ஃப்ரேமுக்கு லாயக்கில்ல, இதுக்குத்தான் லாயக்கு" என்றார். ரிங் ஃப்ரேம் என்றால் நூல் நூற்கிற மெஷின். அவர் வாயாலேயே சொன்னது.

கிண்டல் பண்ணுவார்கள். ஹேண்டிலை மடியில் வைத்திருப்பேன் அல்லவா, போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்பான். பெத்துராஜ் என்று ஒரு எலக்ட்ரீசியன், அவர்தான் ரொம்ப.

"என்ன பூமாரி, பிள்ளைக்குப் பால் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு. ஒங்கள மாதிரி அழுமூஞ்சியா இருந்தா எப்பவோ தூக்கி எறிஞ்சிருப்பேன்."

"பேரு வச்சியா இல்லியா?"

"பெத்துராஜுன்னுதான் வச்சிருக்கேன். முறுக்குற பக்கமெல்லாம் திரும்புது."

அப்படித்தான் பேசிக்கொள்வோம். கோபமெல்லாம் இல்லை.

இந்த மன்னிப்பு விவகாரம் தொடங்கின அன்றைக்கு வெளிநாட்டுக்காரர்கள் மில்லைப் பார்க்க வருகிறார்கள். நூல் வாங்குகிறவர்கள். காலையிலேயே ஃபேன் நின்றுவிட்டது. சாதாரண ஃபேன் இல்லை, ஈரக் காற்று அடிக்கிற பெரிய ஃபேன், அதற்குத் தனி அறையே உண்டு. அது நின்றால் ஹாலில் காற்று காய்ந்துவிடும். காய்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். என் அம்மா அங்கேதான், அறுந்த இழையை ஒட்டுகிறவள். ஃபேன் நின்றால் அவளுக்குப் பைத்தியம் பிடிக்கும். ஒட்டிவிட்டுத் திரும்புவதற்குள் பின்னால் நாலு அறும்.

மோட்டாருக்குப் போகிற ஒயர் கருகிவிட்டது. பெத்துராஜ் அண்ணன் வந்தார். அவர் கண் முன்னாலேயே பிரேக்கரை வெளியே சுற்றினேன். பச்சை வந்ததைக் குனிந்து பார்த்தார். "பிள்ளையப் பத்திரமாப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஹேண்டிலை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். எதுவும் ஆகாத நாள் மாதிரிதான் இருந்தது.

ரொம்ப நேரம் கழித்துப் போன் அடித்தது. தனபாலன் சார்.

"ஃபேன் வேல முடிஞ்சிருச்சும்மா. உள்ள தள்ளு."

"பெத்துராஜ் அண்ணன வரச் சொல்லுங்க சார்."

"அதான் முடிஞ்சிருச்சுங்கிறேன்ல."

"வரச் சொல்லுங்க சார்."

போனை வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் நேரிலேயே வந்தார். கழுத்தில் டை. அந்த மனிதரை நான் டையோடு பார்த்ததே இல்லை. மூச்சு வாங்கினார்.

"அவன் வெளிய வந்துட்டான்மா."

"எங்க சார் இருக்காரு?"

"எங்கயோ இருக்கான். ஃபேன் ரூம்ல இல்ல. அவ்வளவுதான் உனக்கு வேணும்."

"எங்கயோன்னா உள்ளயும் இருக்கலாம்ல சார்."

"போன் போட்டேன், எடுக்க மாட்டேங்கிறான்."

"கையி உள்ள இருந்தா எப்படி சார் எடுப்பாரு?"

அவர் நல்லவர்தான் அக்கா, நான் இல்லை என்று சொல்லவில்லை. படித்தவர், கரண்ட் விஷயமெல்லாம் என்னைவிட நூறு மடங்கு தெரியும். மோட்டார் பக்கத்திலேயே இன்னொரு சுவிட்ச் இருக்கிறது, பெத்துராஜ் அதையும் ஆஃப் பண்ணித்தான் உள்ளே போயிருப்பான், நீ இதைத் தள்ளினாலும் ஃபேன் சுற்றாது, நான் போய்ப் பார்த்து அதை ஆன் பண்ணிக்கொள்கிறேன் என்று பொறுமையாகத்தான் விளக்கினார். சரியாகவே இருக்கலாம். எனக்கு அவ்வளவெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஹேண்டில், கை. இரண்டு கை வந்தால் ஒரு ஹேண்டில் போகும்.

"பண்ணியிருப்பான்னுதான சார் சொல்றீங்க. பண்ணிட்டான்னு சொல்லலியே" என்றேன்.

கழுத்திலிருந்த டையை இழுத்துத் தளர்த்தினார். சுடலைமணி அண்ணாச்சியைக் கூப்பிட்டு ஃபேன் ரூமுக்கு அனுப்பினார். அண்ணாச்சி போய்விட்டு வந்து வாசலில் நின்றார்.

"டார்ச் அடிச்சுப் பாத்தேன் சார். பாத்த வரைக்கும் ஆளு இல்ல."

"கேட்டியா?" என்றார் சார் என்னிடம்.

"பாத்த வரைக்கும்னா என்ன அண்ணாச்சி?"

"ஃபேனுக்குப் பின்னால ஏறிப் பாக்க நமக்குப் பிடிமானம் இல்லியேம்மா." கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "சட்ட ஆணியில தொங்குது. போன் அதுக்குள்ளதான் அடிச்சுக்கிட்டுக் கெடக்கு" என்றார்.

சட்டை ஃபேன் ரூமில் தொங்கினால் ஆள் எங்கே இருப்பான்? நீங்களே சொல்லுங்கள். வேலை முடிந்தால் எவனாவது சட்டையை விட்டுவிட்டுப் போவானா?

சாருக்குப் பொறுமை போய்விட்டது. வண்டி கேட்டுக்குள் வந்துவிட்டது என்று யாரோ ஓடிவந்து சொன்னான். ஸ்டோரில் அந்த இன்னொரு ஹேண்டிலைத் தேடச் சொல்லிக் கத்தினார். அங்கே சாமான்கள் உருளுகிற சத்தம் எனக்கே கேட்டது. கிடைக்கவில்லை.

"யோவ் சுடலைமணி, அந்தப் பிள்ளையப் பிடிச்சு வெளிய இழு."

அண்ணாச்சி அசையவில்லை. "எந்தக் கையால சார் இழுக்க?" என்றார்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சார் அவரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். அப்புறம்தான், "இவ அம்மாவக் கூப்பிடு" என்றார்.

அம்மா வந்தாள். தலை, புருவம் எல்லாம் பஞ்சு. ஹாலில் நூல் அறுந்துகொண்டிருக்கிறது, அதை விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாள், எவ்வளவு கோபம் இருக்கும்? சார் விஷயத்தைச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"குடுடி."

"குடுக்க மாட்டேன். பெத்துராஜ் அண்ணன் கைய காட்டணும்."

பளாரென்று அறைந்தாள். எல்லார் முன்னாலேயும். எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது அக்கா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் அழவில்லை, அது அடி பட்டால் தானாக வருகிற தண்ணீர். ஹேண்டிலை இறுக்கிக்கொண்டேன். சார் இரண்டு எட்டு முன்னால் வந்தார். ஹேண்டிலைப் பிடுங்கத்தான். அம்மா அதற்குள் குறுக்கே வந்து நின்றுகொண்டு இன்னொன்று கொடுத்தாள்.

"வயசுப் பிள்ள மேல நீங்க கை வைக்காதீக சார். எம் பிள்ள, நான் அடிக்கேன்."

இரண்டாவது அடி வலிக்கவே இல்லை. அவள் கை தளர்ந்துவிட்டது போல.

*"வலிக்கலியாக்கும்?"*

கேட்டீர்களா? முன் சீட்டிலிருந்து வருகிறது. தூங்குகிறாளாம். தூக்கத்திலும் காது என் பக்கம்தான். பாருங்கள், கண்ணைத் திறந்து ஒரு பார்வை, மறுபடி மூடிவிட்டாள்.

சரி, அதோடு விட்டாளா? அடித்துவிட்டு, போய் ஹாலைப் பார்க்க வேண்டியதுதானே? அதுவும் இல்லை. பேனல் ரூம் வாசல்படியிலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். அந்த வாசல் ஒரு ஆள் போகிற அகலம். உள்ளே நானும் ஹேண்டிலும். வெளியே சார், அண்ணாச்சி, இன்னும் நாலு பேர். நடுவில் இவள்.

"எந்திரிம்மா, வழிய விடு."

"எந்திரிக்கத்தான் சார் பாக்கேன். முட்டி மடங்க மாட்டேங்குது."

"அவளப் போய் வாங்கித் தா."

"அதான் அடிச்சேனே சார், பாத்தீகல்ல. தரமாட்டேங்கா. இன்னும் என்ன பண்ண, கொல்லவா முடியும்?"

அக்கா, இவள் தினமும் அந்த ஃப்ரேம்களுக்கு நடுவில் ஓடுகிற ஓட்டத்துக்கு ஒலிம்பிக்ஸில் விடலாம். அன்றைக்குத்தான், அந்த நேரத்தில்தான், அந்த வாசலில்தான் அவளுக்கு முட்டி மடங்கவில்லை. எனக்கு எவ்வளவு அவமானமாக இருந்தது தெரியுமா? நான் ஒரு நியாயத்துக்காக உட்கார்ந்திருக்கிறேன், இவள் முட்டி வலிக்கு உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கிறவர்கள் இரண்டும் ஒன்று என்று நினைக்க மாட்டார்களா?

அந்த நேரம் பார்த்து வெளிநாட்டுக்காரர்கள் அந்த வழியாகவே வந்துவிட்டார்கள். நல்ல உயரம், தலையில் மில் கொடுத்த தொப்பி. ஒரு அம்மா வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், உள்ளே ஒரு பிள்ளை கன்னம் சிவக்க ஒரு இரும்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அவர்களில் ஒரு பொம்பளை நின்று ஏதோ கேட்டாள். சார் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். டிரெயினிங் என்று சொன்னாராம். பாதுகாப்பு டிரெயினிங். அந்தப் பொம்பளை என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். நான் காட்டவில்லை. எனக்கு இரண்டு கையும் ஹேண்டிலில் இருந்தது.

அவர்கள் ஹாலுக்குப் போனார்கள். ஹால் எப்படி இருந்திருக்கும்? காய்ந்துபோய், பாதி ஃப்ரேம் நின்றுபோய், எங்கே பார்த்தாலும் அறுந்த நூல். பார்த்துவிட்டுச் சாப்பிடக்கூடச் செய்யாமல் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் பெத்துராஜ் அண்ணன் வந்தார்.

எங்கேயிருந்து வந்தார் கேளுங்கள். கேன்டீனிலிருந்து. விருந்தாளிகளுக்கு என்று பிரியாணி போட்டிருந்தார்கள், அது மணத்திருக்கிறது, ஃபேன் வேலை முடிந்ததும் மனிதர் பனியனோடு அப்படியே போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். முந்தினால் லெக்பீஸ் கிடைக்கும் என்று. வாயைத் துடைத்துக்கொண்டே வந்து, வாசலில் அம்மாவைப் பார்த்து, சாரைப் பார்த்து, என் கன்னத்தைப் பார்த்து, முழித்தார்.

"குடு பூமாரி."

"ரெண்டு கையையும் காட்டுங்க."

"ஏய், முன்னாலதான நிக்கேன்."

"காட்டுங்க."

காட்டினார். விரல் நுனியெல்லாம் மஞ்சள், நெய். பத்தும் இருந்தது. அம்மா எழுந்து வழிவிட்டாள். நான் ஹேண்டிலைக் கொடுத்தேன்.

அதாவது, சார் சொன்னதுதான் சரி. ஆள் வெளியேதான் இருந்தான். நான் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அவன் பிரியாணி தின்றுகொண்டிருந்தான். நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மில்லே சிரித்தது. ஆனால் ஒன்று சொல்லுங்கள். அவன் வெளியே இருந்தான் என்பதால் நான் செய்தது தப்பு என்று ஆகிவிடுமா? உள்ளே இருந்திருந்தால் சரி, வெளியே இருந்தால் தப்பா? எனக்கு எப்படித் தெரியும்? சாருக்கும் தெரியாது. அவர் குத்துமதிப்பாகச் சொன்னார், அது சரியாகப் போய்விட்டது. அண்ணாச்சி விரல் போன அன்றைக்கு ஷிஃப்ட் மாறினபோது வந்தவனும் குத்துமதிப்பாகத்தான் பட்டனை அமுக்கினான்.

சார் கேட்டபோது பெத்துராஜ் என்ன சொன்னார் தெரியுமா? "நான் முடிஞ்சிருச்சுன்னு சொல்லி அனுப்பிட்டுத்தான் சார் போனேன்." பச்சைப் பொய். யாரிடம் சொல்லி அனுப்பினார்? என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவருக்காக நான் அறை வாங்கியிருக்கிறேன். ஒன்றில்லை, இரண்டு.

சார் எல்லாரையும் கூட்டிவைத்துத்தான் பேசினார். "அடுத்த ஷெட்டுக்குப் புது போர்டு வருது. பேசாம ஃபிக்ஸ்டே வாங்கிப் போடுறேன். அதுல ஹேண்டிலும் கெடையாது, திமிரும் கெடையாது."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"வெரலும் கெடையாது சார். அண்ணாச்சியக் கேளுங்க" என்றேன்.

அவ்வளவுதான். மறுநாள் காலையில் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். என்னை மட்டும் இல்லை, அம்மாவையும். வழியை அடைத்து உட்கார்ந்தாளாம். முட்டி வலி என்று சொல்லியும் கேட்கவில்லை. அவளை நிறுத்தினதுதான் எனக்கு ஆத்திரம். நான் செய்ததற்கு என்னை நிறுத்து, அவள் என்ன செய்தாள்? அடிக்கத்தானே செய்தாள்? சாருக்காகத்தானே அடித்தாள்?

வீட்டில் இருந்தோம். பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே அம்மா எல்லாம் சொல்லிவிடுவாள். அப்புறம் நேற்று சுடலைமணி அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். மேனேஜர் சொல்லி அனுப்பினாராம். பொதுவில் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டு இரண்டு பேரும் உள்ளே வரலாம் என்று.

"திடீர்னு என்ன அண்ணாச்சி?" என்றாள் அம்மா.

அண்ணாச்சி சிரித்தார். என் ஸ்டூலில் ஆபீஸ் பையன் ஒருத்தனை உட்கார வைத்திருக்கிறார்கள். அவன் முதல் போனுக்கே ஹேண்டிலைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். அதைப் பார்த்துவிட்டு பெத்துராஜ் எந்த மெஷினிலும் கையை விட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். "பூமாரி ஸ்டூல்ல உக்காரட்டும், நான் கைய விடுறேன்" என்றாராம். அவரைப் பார்த்து மற்றவர்களும். அந்தப் பொய்க்காரர்! பிரியாணி தின்கிறபோது நான் இருந்தது ஞாபகம் வரவில்லை, கையை விடுகிறபோது வருகிறது.

அதாவது அக்கா, அவர்களுக்கு நான் வேண்டும். ஆனால் மன்னிப்பும் வேண்டும். அது எப்படி? தப்பு என்று நான் ஒத்துக்கொண்டால், அடுத்த தடவை போன் வந்தால் கொடுத்துவிட வேண்டியதுதானே? அப்புறம் நான் உட்கார்ந்தால் என்ன, அந்த ஸ்டூல் சும்மா இருந்தால் என்ன? இதை அண்ணாச்சியிடமே கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா, "நாளைக்குக் கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டாள். ஒரே வார்த்தை. என்னிடம் ஒரு பேச்சு கேட்கவில்லை. அவளுக்கு வேலை வேண்டும். எனக்கு மட்டும் வேண்டாமா? வேண்டும்தான். அவள் அந்த ஹாலை விட்டால் வேறு எதுவும் தெரியாதவள், அதுவும் எனக்குத் தெரியும். அதனால் ராத்திரி மன்னிப்பைச் சொல்லிப் பார்த்தேன், மனசுக்குள். சத்தியமாகச் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை.

அதனால் இன்றைக்கு நான் என்ன பேசப் போகிறேன் என்று வரிவரியாக யோசித்து வைத்திருக்கிறேன். மேடை மாதிரி ஒரு படி இருக்கிறது கேட்டுக்குப் பக்கத்தில், அதில் ஏறி நிற்பேன். நூல் அறுந்ததுக்கு வருத்தப்படுறேன். வந்தவங்க சாப்பிடாமப் போனதுக்கும் வருத்தப்படுறேன். ஹேண்டிலக் குடுக்காததுக்கு வருத்தப்பட மாட்டேன். நாளைக்கும் குடுக்க மாட்டேன். கை காட்டாதவன் எவனா இருந்தாலும், மேனேஜர் தனபாலன் சாரே மெஷினுக்குள்ள போயிருந்தாலும், அவர் கையையும் பாத்துட்டுத்தான் குடுப்பேன். இதச் சொல்றதுக்கு எங்க அம்மாவ வெளிய நிறுத்துவீங்கன்னா, அது ஒங்க மரியாத.

நன்றாக இருக்கிறதா? கடைசி வரியில் கொஞ்சம் குரலை ஏற்ற வேண்டும். நீங்கள் ஏன் அக்கா முன் சீட்டையே பார்க்கிறீர்கள்? அவள் கிடக்கிறாள், தோள் குலுங்குவது பஸ் ஆட்டம். இந்த ரோட்டில் யாருக்குத்தான் குலுங்காது.

இதோ வந்துவிட்டது. அந்தப் புகைபோக்கி தெரிகிறதே, அதுதான். அடுத்த ஸ்டாப். கேட்டில் கூட்டமாக நிற்கிறார்கள், பாருங்கள். பெத்துராஜும் நிற்கிறார், பனியன் இல்லை, இன்றைக்குச் சட்டை.

"மில்லு எறங்குறவுக வாங்க!"

கொஞ்சம் காலை ஒதுக்குங்கள் அக்கா. அம்மா! எந்திரி! ஸ்டாப் வந்திருச்சு. அம்மா! இவளைப் பாருங்களேன், அசையவே மாட்டேன் என்கிறாள். கண்டக்டர் அண்ணே, விசிலடிச்சிராதீங்க, ஒரு நிமிசம்.

"ஏம்மா, மில்லு ரெண்டு டிக்கெட்டு நீங்கதான? எறங்குங்க, டைம் ஆவுது."

"தென்காசி ரெண்டு போடுங்க."

அம்மா! கண்ணைத் திறக்காமலே பேசுகிறாள், தூக்கக் கலக்கம். "அம்மா, தென்காசில நமக்கு யாரு இருக்கா? எறங்கு, எல்லாரும் நிக்காக!"

"நிக்கட்டும். வேணும்னா அவுக வருவாக. நீ உக்காரு."

விசில் அடித்துவிட்டான். போச்சு. கேட் போகிறது. பெத்துராஜ் பஸ்ஸையே பார்க்கிறார், கை காட்டுகிறார், ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுகிறார், என்ன சொல்கிறார் என்றே கேட்கவில்லை. ஐயோ, அந்தப் படி சும்மா இருக்கிறதே அக்கா. நான் எவ்வளவு யோசித்து வைத்திருந்தேன்.

பார்த்தீர்களா? எப்போதும் இப்படித்தான். நான் ஒரு நியாயத்துக்கு எழுந்து நிற்கிற நேரம் பார்த்துத்தான் இவளுக்குத் தூக்கம் வரும்.